ஆடிக்குள் ஓடி ஒளிந்த கேரவன்

எனக்குக் கால்விரல் எட்டுங்க. போன ஆனி மாசம் வரைக்கும் பத்து இருந்துச்சு. மீதி ரெண்டு எங்க போச்சுன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்றது: என்ற சம்சாரத்துக்கிட்டக் கேளுங்க. இந்த ஊட்டுல நடக்கறது எல்லாமே அவளுக்கு முன்கூட்டித் தெரியும், எனக்குத்தான் கடைசியாத் தெரியும்.

ஊரு வடகரப்பதி. பேரு கந்தப்பன். சொத்துன்னா தென்னந்தோப்பு, நாலு மாடு, ஒரு ஜீப்பு, அப்புறம் சக்கரை வியாதி. சம்சாரம் கமலாத்தாள். ஒரே பொண்ணு கிருத்திகாவைக் கோயமுத்தூர்ல கட்டிக் கொடுத்திருக்குது.

சக்கரை முதல்ல என்ற இடது காலைத்தான் புடிச்சுது. பாதம் மரத்துப் போச்சு. காலு கிளச்சு மேல இருக்குதா, தரையில இருக்குதான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். ஒருநாள் கிளச்சுன்னு நெனச்சு வெறும் தரையை அமுக்கிக்கிட்டே இருந்தேன். ஜீப்பு நேராப் போயி அடுத்த தோட்டத்து மருதாத்தாளோட சாணிக்குழியில எறங்கிருச்சு.

மருதாத்தாள் வந்து குழியை எட்டிப் பாத்தா.

"ஏனுங்ணா, எருவு வேணும்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்க. நானே வண்டியில ஏத்திருப்பேனே."

அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்கலை. தேங்கா லோடு ஏத்தி வாளையாரு செக்போஸ்ட்டுல லாரிக்கு லாரி முட்டி நின்ன காலத்துலருந்து வண்டி ஓட்டறவன் நான். காலு போச்சுன்னு சாவியைக் கொடுத்துட்டு மூலையில உக்காரறதா? ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். இடது காலு வேலை செய்யலைன்னா, இடது காலே வேண்டாத வண்டி வாங்கறது.

அப்படிச் சிக்கினதுதான் அந்தக் கேரவன். டிஜோன்னு ஒரு மலையாளத்துத் தம்பி, டூரிஸ்டுகளை வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தான். தொழில் படுத்துருச்சு, வித்துட்டான். டீசல் வண்டி. உள்ள கட்டிலு, கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவற தொட்டி, கக்கூசு, எல்லாம் இருந்துச்சு. கிளச்சு மட்டும் இல்லை. கியரு தானா மாறிக்கும். கியர்க் கம்பிக்குப் பக்கத்துல P, R, N, D, M-னு எழுத்து. M-க்குப் பக்கத்துல கூட்டல் குறியும் கழித்தல் குறியும்.

"D-யில இட்டா மதி, அது போதும் சேட்டா," அப்படின்னான் டிஜோ. "பாக்கியெல்லாம் வண்டி பாத்துக்கும். மலையில எறங்கறப்ப மட்டும் M-ல இட்டுக் கியரைக் கொறைக்கணும். எஞ்சினே வண்டியைப் புடிச்சுக்கும். N-ல எறக்கம் எறங்கவே கூடாது."

இதை அவன் சொன்னான்னு பின்னால தெரிஞ்சுக்கிட்டேன். சொன்னப்ப நான் கக்கூசுத் தண்ணி எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். கமலாத்தாள்தான் அவன் பக்கத்துல நின்னு தலையாட்டிக்கிட்டிருந்தா. ஒண்ணும் புரியாம ஆட்டறா, பாவம்னு நெனச்சுக்கிட்டேன்.

வண்டி எடுக்கப் போன அன்னைக்கு அட்டமி. கமலாத்தாள் அட்டமி நவமியில வாசப்படி தாண்ட மாட்டா. ஆடி மாசத்துல ஒரு வெளக்குமாறு கூட வாங்க மாட்டா. அதுக்குன்னு காரியத்தை உட்டுக்கொடுக்கவும் மாட்டா. முந்தின நாள் நல்ல நேரம் பாத்து என்ற துண்டைக் கொண்டுபோயி மருதாத்தாள் ஊட்டுக் கொடியில போட்டுட்டு வந்துட்டா. பரஸ்தானம்னு பேரு. துண்டு வாசலைத் தாண்டிருச்சுன்னா ஆளே கெளம்பிட்டதாக் கணக்கு. அப்புறம் அட்டமியாவது நவமியாவது. மறுநாள் போற வழியில துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனேன்.

வண்டி வந்த ஒரு மாசத்துல காலு தன் வேலையைக் காட்டிருச்சு. தோப்புல நடக்கறப்பச் செருப்புக்குள்ள ஒரு சில்லு போயிருக்குது. நாள் முழுக்க அதை மிதிச்சு நடந்திருக்கறேன். வலியே தெரியலை. பெருவிரலுக்குப் பக்கத்துல இருக்கற ரெண்டு விரலும் கறுத்துப் போச்சு. வேட்டிக்குக் கீழ சாக்ஸு போட்டு மறைச்சேன். வடகரப்பதியில சாக்ஸு போட்டுக்கிட்டுத் தேங்கா பொறுக்கின ஒரே ஆளு நாந்தான்.

கமலாத்தாள் சாக்ஸை உருவிப் பாத்துட்டா. அடுத்த நாளே கோயமுத்தூரு. டாக்டரு வெளக்கடிச்சுப் பாத்தாரு.

"ரெண்டு விரலையும் எடுத்தாகணும். தள்ளிப் போட்டா மேல ஏறும்."

தேதியும் கொடுத்துட்டாரு, ஆனிக் கடைசியில.

எனக்குப் பயமுங்க. எங்கப்பனுக்கும் ஒரு விரல்லதான் ஆரம்பிச்சுது. விரலு, அப்புறம் பாதம், அப்புறம் முட்டி. முட்டிக்கு மேல எடுக்கறதுக்குள்ள அவரே போயிட்டாரு. கடைசி வரைக்கும் கட்டில்ல கெடந்துக்கிட்டு, இல்லாத காலைச் சொறியச் சொல்லுவாரு. நாந்தான் வெறும் போர்வையைச் சொறிஞ்சு உட்டவன். கத்தி வெச்சா நிக்காதுன்னு அன்னைக்கே மனசுல விழுந்துருச்சு.

அதனால ஒரு திட்டம் போட்டேன். ஆடி பொறக்கறதுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. அதுவரைக்கும் தப்பிச்சுட்டாப் போதும். ஆடியில கமலாத்தாளே ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்க மாட்டா. ஆவணி வரைக்கும் காலு என்றகிட்டயே இருக்கும். அதுக்குள்ள புண்ணு ஆறிரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆறாதுன்னும் எனக்குத் தெரியும்.

"அம்மிணி, காந்தலூருக்குப் போயிட்டு வரலாமா? ஆப்பிளு பழுக்கற காலம்."

"ஆஸ்பத்திரியில தேதி கொடுத்திருக்கறாங்களேங்க."

"தேதி எங்க போகுது? கேரவனை வாங்கி மாட்டுக் கொட்டாயி பக்கத்துல நிறுத்தறதுக்கா வாங்கினேன்? உனக்கு ஊரு காட்டத்தானே வாங்கினேன். மலைக்காத்து பட்டாப் புண்ணு காயும்."

"எப்பத் திரும்பறதுங்க?"

"ஆடி ஒண்ணை அங்க பாத்துட்டு, மறுநாள் எறங்கிரலாம்."

அவ அடுப்புல வெறகை உள்ள தள்ளினா.

"செரிங்க. டாக்டருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிப்போடறேன்."

கல்யாணம் ஆன நாள்லருந்து அவ இத்தனை சுளுவாச் செரின்னு சொன்னதில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரலை. ஜெயிச்சவனுக்கு எங்க வரும்?

மறுநாள் கிருத்திகா வந்து அம்மாகூடக் குசுகுசுன்னு பேசிட்டு, ஒரு பை நெறைய முருங்கக்காயும் தேங்காயும் எடுத்துக்கிட்டுப் போனா. அதுக்கு அடுத்த நாள் நாங்க கெளம்பறப்ப என்ற பச்சைக்கரைத் துண்டைக் காணோம்.

"தொவைக்கக் கெடக்குதுங்க. வேற எடுத்துக்குங்க," அப்படின்னா கமலாத்தாள்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தினேன். பொள்ளாச்சி தாண்டி, உடுமலை தாண்டி, ரோடு மலையைப் பாத்துத் திரும்புச்சு. வழி முழுக்க நான் அவளுக்கு வண்டியைப் பத்திப் பாடம் எடுத்தேன்.

"இது D. போட்டா ஓடும். அவ்வளவுதான். பச்சைக் கொழந்தை கூட ஓட்டும்."

"அந்த N எதுக்குங்க?"

"நியூட்ரலு. எறக்கம் வந்தா இதுல தள்ளி உட்டரணும். வண்டி சும்மா உருண்டு போகும். டீசலு மிச்சம்."

"அந்த டிஜோ தம்பி கூடாதுன்னாருங்களே. D-யிலயே காலை எடுத்துட்டு எறங்கினா டீசலே குடிக்காதுன்னாரு."

"அவன் வண்டி விக்கறவன். நான் ஓட்டறவன். தேங்கா லோடோட நான் எறங்காத எறக்கமா? எல்லாம் நியூட்ரல்லதான்."

"M எதுக்குங்க?"

"அது வெளிநாட்டுக்காரனுக்கு வெச்சது."

"கூட்டலு கழித்தலு போட்டிருக்குதுங்க."

"வெளிநாட்டுக் கணக்கு வாத்தியாருக்கு வெச்சது. ஏன் நோண்டி நோண்டிக் கேக்கற? நீ ஓட்டப் போறியா?"

"நானெங்கீங்க ஓட்டறது," அப்படின்னுட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் சிரிச்சேன். ரொம்ப நேரம் சிரிச்சேன்.

காந்தலூர்ல ஒரு ஆப்பிள் தோட்டத்து ஓரத்துல P-யில போட்டு நிறுத்தினோம். காத்துன்னாக் காத்து, வண்டியே ஆடுச்சு. அங்கதான் ஒரு விசயம் பிடிபட்டுது. கேரவன்னா ஊடு இல்லைங்க, ஜெயிலு. ஊர்ல இருந்தா மெதுவா நழுவி டீக்கடைக்குப் போயி ரெண்டு ஸ்பூன் சக்கரையோட ஒரு டீ, ஒரு பருப்பு வடைன்னு பொழப்பு ஓடும். இங்க அவ வெச்சதுதான் சோறு. காலையில ராயிக் களி, மத்தியானம் கொள்ளுப்பருப்பு, ராத்திரி மறுபடி களி. வர்ற வழியில மறையூர்ல வெல்லம் காய்ச்சற வாசம் வந்தப்ப வண்டியை ஓரங்கட்டினேன்.

"மோந்து பாத்தாச்சில்லைங்க, போலாம்," அப்படின்னா.

மூணு வேளையும் மாத்திரை வேற. என்னன்னு கேட்டா "சத்து மாத்திரைங்க"ன்னா. எனக்கு ஆடி பொறந்தாப் போதும், எதை வேணும்னாலும் முழுங்குவேன்னு முழுங்கினேன்.

புண்ணு கழுவறது மட்டும் தமாசு இல்லை. பாத்திரத் தொட்டியில சுடுதண்ணி புடிச்சுக் கழுவுவா. துணியைப் பிரிக்கறப்ப அந்தச் சின்ன ரூமுல வாசம் அடிக்கும். நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன். அவ திருப்ப மாட்டா. கட்டி முடிச்சுட்டு வெளிய போயி ஆப்பிள் மரத்துக்கடியில நின்னுட்டு வருவா. கண்ணு செவந்திருக்கும்.

"என்ன அம்மிணி?"

"காத்துங்க. தூசி."

ஆடி பொறந்துச்சு. அன்னைக்கு நான் ராசா. ஒரு பழம் கேட்டேன். பாதி கொடுத்தா. அடுத்த நாள் காலையில மலை எறங்கினோம்.

மறையூரு தாண்டிச் சின்னாரைப் பாத்து ரோடு எறங்கும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எறக்கம் ஆரம்பிச்சதும் கம்பியை N-ல தள்ளினேன். வண்டி சத்தமில்லாம உருண்டுச்சு. பாத்தியா, டீசலு மிச்சம்னு அவளைப் பாத்தேன். அவ ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தா.

முதல் வளைவுல பிரேக்கு புடிச்சேன். ரெண்டாவதுலயும் புடிச்சேன். அப்புறம் காலை எடுக்கவே முடியலை. கட்டிலு, அடுப்பு, தண்ணி டாங்கி, கக்கூசுன்னு ஒரு ஊட்டையே பின்னால வெச்சுக்கிட்டு எறங்கறேன்னு அப்பத்தான் உறைச்சுது. கருகற வாசம் வந்துச்சு. களி தீயுதோன்னு கூட நெனச்சேன்.

முன்னால ஒரு ஜீப்பு. தோட்ட வேலைக்குப் போற பொம்பளைங்க பின்னால பாத்த மாதிரி நெருக்கி உக்காந்திருந்தாங்க. அதுல ஒருத்தி வெத்தலை மென்னுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அவ மூஞ்சி பெருசாகிக்கிட்டே வந்துச்சு.

பிரேக்கை அமுக்கினேன். வண்டி கேக்கலை. அமுக்கறேனா இல்லையான்னே எனக்குத் தெரியலை. குனிஞ்சு பாத்தேன். வலது காலு பிரேக்கு மேலதான் இருந்துச்சு. பொட்டு உணர்ச்சி இல்லை. அந்தக் காலும் போயிருச்சுன்னு எனக்கு அந்த வளைவுலதான் தெரிஞ்சுது.

"கமலா," அப்படின்னேன்.

என்ற கை மேல ஒரு கை விழுந்துச்சு. கம்பி N-ல இருந்து D-க்கு வந்துச்சு. D-யில இருந்து M-க்குப் போச்சு. கழித்தல் பக்கம் ஒரு தட்டு. எஞ்சினு உறுமுச்சு. இன்னொரு தட்டு. பெரிய மாட்டைப் பின்னால இருந்து கயித்துல புடிச்ச மாதிரி வண்டி தயங்குச்சு. இன்னொரு தட்டு.

"ரோட்டைப் பாருங்க. குனியாதீங்க. பாறைப் பக்கம் ஒடிங்க. ஆங், அப்படித்தான்."

ஒடிச்சேன். வண்டி ஊர்ந்து ஊர்ந்து பாறை ஓரத்துல நின்னுச்சு. கை பிரேக்கை அவதான் இழுத்தா, P-யும் அவதான் போட்டா. வெத்தலை மென்ன பொம்பள ஒண்ணும் தெரியாம அடுத்த வளைவுல மறைஞ்சு போனா.

சக்கரத்துலருந்து புகை வந்துக்கிட்டிருந்துச்சு. ஒரு ஜீப்பு நெறைய சனங்களைக் கொன்னிருப்பேன். பக்கத்துல உக்காந்திருந்தவளையும் கொன்னிருப்பேன். டீசலு மிச்சமாகியிருக்கும்.

"எறங்குங்க," அப்படின்னா.

"எதுக்கு?"

"பின்னால போயிக் காலை மேல தூக்கி வெச்சுப் படுங்க. பிரேக்கு ஆறினதும் போலாம்."

"யாரு ஓட்டறது?"

அவ சுருக்குப்பையைத் தொறந்து, வெத்தலைக்கும் சில்லறைக்கும் நடுவுல இருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினா. லைசன்ஸு. போட்டோவுல சிரிச்சுக்கிட்டு வேற இருந்தா.

"எப்பக் கமலா?"

"நீங்க சாணிக்குழியில எறங்கின வாரமே டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டேனுங்க. சொசைட்டிக்குப் பாலு ஊத்தறதுக்குப் போறேன்னு தெனம் போனேனில்லைங்க, கொழிஞ்சாம்பாறையில கத்துக்கிட்டேன்."

"பின்ன எதுக்கு D என்ன, N என்னன்னு என்னைக் கேட்டே?"

"நீங்க எதுல எறங்குவீங்கன்னு தெரிஞ்சுக்கத்தானுங்க. உடுமலை வரைக்கும் உங்க கையில இருக்கட்டும், அங்க சாவியை வாங்கிக்கலாம்னு இருந்தேன். நீங்க முன்னாலயே கொடுத்துட்டீங்க."

பின்னால போயிப் படுத்தேன். எங்கப்பன் கட்டில்ல கெடந்தது ஞாபகம் வந்துச்சு. தலகாணியில மூஞ்சியைப் பொதைச்சுக்கிட்டு அழுதேன். வண்டி கெளம்புச்சு. எஞ்சினு ஒரே தாளமா முனகிக்கிட்டு வளைவு வளைவா எறங்குச்சு. மேல தொங்கின கரண்டி கூட ஆடலை. அது வேற தனி அழுகை.

"ஊட்டுக்குத்தானே போறோம்?"

"போறமுங்க. தூங்குங்க."

தூங்கிட்டேன்.

பீப் பீப்னு சத்தம் கேட்டு முழிச்சேன். R-ல போட்டிருக்கறா. ஊடு வந்துருச்சு, பின்பக்கம் பொடக்காளியில ரிவர்ஸ் எடுக்கறான்னு எந்திரிச்சு உக்காந்தேன்.

"பாத்து அம்மிணி. மாட்டுக் கொட்டாயி இருக்குது."

கதவு தொறந்துச்சு. மாடு இல்லை. சக்கர நாற்காலி. அதுக்குப் பின்னால கிருத்திகா. பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நர்ஸம்மா, சட்டையில ஆன்மேரின்னு பேரு குத்தியிருந்துச்சு.

"வரணும் சேட்டா. பேடிக்கண்டா," அப்படின்னாங்க. பயப்படாதேங்கறாங்க. அதைச் சொன்னதும்தான் எனக்குப் பயமே வந்துச்சு.

ஆனா என்றகிட்டக் கடைசி ஆயுதம் இருந்துச்சு. அதுக்காகத்தானே அந்தக் களியைத் தின்னேன். நாற்காலியில உக்காந்தபடியே கமலாத்தாளைக் கூப்பிட்டேன்.

"கமலா, இன்னைக்கு ஆடி ரெண்டு. நீ ஆடியில வெளக்குமாறு வாங்க மாட்டே. புருசன் காலுல கத்தி வெப்பியா? உன்ற மனசைத் தொட்டுச் சொல்லு."

கிருத்திகா சிரிப்பை அடக்கிக்கிட்டு மேல பாத்தா. கமலாத்தாள் வண்டியைப் பூட்டிச் சாவியைச் சுருக்குப்பையில போட்டுக்கிட்டு, நாற்காலியைத் தானே தள்ளிக்கிட்டு உள்ள வந்தா. லிப்ட்டுல ஏத்தினா. ஒரு ரூமுக் கதவைத் தொறந்தா.

கட்டிலு. வெள்ளை விரிப்பு. தலகாணி மேல நாலா மடிச்சு வெச்சிருந்துச்சு, என்ற பச்சைக்கரைத் துண்டு.

"ஆனியிலயே நல்ல நேரம் பாத்துக் கிருத்திகா கொண்டாந்து வெச்சுட்டாளுங்க," அப்படின்னா கமலாத்தாள். "போன் பண்ணினப்ப டாக்டரு சக்கரையைக் கொறைச்சு, மருந்து கொடுத்து ஆடி ரெண்டுக்குக் கூட்டியாரச் சொன்னாரு. ஊட்டுல இருந்தா நீங்க டீக்கடைக்குப் போயிருவீங்க. அதான் காந்தலூருக்குச் செரின்னேன்."

"அப்ப அந்தச் சத்து மாத்திரை?"

"புண்ணுக்குங்க."

துண்டைக் கையில எடுத்தேன். தொவைச்சு நீலம் போட்டிருந்தா. காலு போயிருமா கமலான்னு கேட்டேன். அதைக் கேக்கறதுக்குத்தான் அத்தனை நாளாப் பயந்து ஓடினேன். அவ என்ற பாதத்தை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா.

"ரெண்டு விரலுதானுங்க. ஆவணி வரைக்கும் ஒளிஞ்சிருந்தா முட்டி வரைக்கும் போயிருக்கும்."

துண்டுல மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டேன். இருந்தாலும் ஆம்பளையில்லைங்களா, கடைசியா ஒரு புடி புடிச்சுப் பாத்தேன்.

"அதெல்லாம் செரி. அத்தனை நாளு உன்னை ஏமாத்திக் காந்தலூர்ல இருந்தேனா இல்லையா?"

"நீங்க எங்கீங்க காந்தலூர்ல இருந்தீங்க?" அப்படின்னா. "துண்டுக் கணக்குப்படி ஆனியிலருந்தே இங்கதான் படுத்திருக்கறீங்க."